ரத்தத்தில் கொழுப்பு என்று நான் சொன்னது

டாக்டர் சொல்வதை அப்படியே சொல்வதா, கேட்பவருக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்வதா? மலாக்கா டவுனில் ஒரு தாய் சேய் கிளினிக்கில் நான்கு வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். தினமும் இந்தக் கேள்விக்கு முன்னால்தான் நின்றேன். வேலையை விட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் எனக்குப் பதில் தெரியாது.

இப்போது பள்ளி முடித்த நம் பெண்பிள்ளைகள் பலர் கிளினிக்கிலும் ஆஸ்பத்திரியிலும் வேலைக்குச் சேர்கிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். “ஒரே கதைய என்கிட்ட எத்தன தடவ சொல்லுவ சரோ? பேப்பருக்கு எழுது, நாலு பேரு பதில் சொல்லட்டும்” என்று என் கணவர் சொன்னார். அதுவும் ஒரு காரணம். பெரியவன் பள்ளிக்கூடம் போனபின், சின்னவள் தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன். எழுத்து அங்கங்கே விட்டுவிட்டு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பேரையும் தெருவையும் மாற்றியிருக்கிறேன்.

1. முதல் நாள்

கிளினிக் என்றால் பெரிய கட்டடம் இல்லை. ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். வாசல் பக்கம் மூன்று நீள பெஞ்சு, அதற்குப் பின்னால் என் மேசை, அதற்கும் பின்னால் பச்சைத் துணித் திரை, திரைக்குள் லேடி டாக்டர். வெள்ளைக்காரர். மலாய் நன்றாகப் பேசுவார். தமிழில் ‘வலி எங்கே’, ‘மூச்சு இழு’ என்ற இரண்டும்தான் தெரியும். ஆகவே தமிழ்ப் பெண் வந்தால் நான் கார்டு எழுதிவிட்டுத் திரைக்குள்ளும் போய் நிற்க வேண்டும்.

கார்டில் ‘கம்ப்ளெயின்ட்’ என்று ஒரு கட்டம் இருந்தது. வந்தவருக்கு என்ன தொந்தரவு என்று அதில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். முதல் ஆளைக் கேட்டேன்.

“என்னம்மா செய்யுது?”

“உடம்பு சரியில்ல.”

“சரியில்லன்னா எப்படி?”

“ஒரு மாதிரியா இருக்கு.”

சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவள் நான். ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பதற்கு எந்தப் பாடத்திலும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கவில்லை. ‘அன்வெல்’ என்று எழுதினேன். அடுத்தவரும் அதையே சொன்னார். அவருக்கும் ‘அன்வெல்’. மதியம் டாக்டர் கார்டுக் கட்டோடு என் மேசைக்கு வந்தார். கோபப்படவில்லை. “மிஸஸ் சரோஜா, இன்று வந்த எல்லோருக்கும் உடம்பு சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாக இருந்தால் இங்கே வரமாட்டார்கள் என்று நானே யூகித்திருந்தேன்” என்றார். அன்று வீட்டுக்குப் போய் வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு முறையாவது அப்படிக் கேட்டிருப்பேன்.

எங்களோடு ரோசலின் என்று ஒரு மிஸ்ஸி இருந்தார். நர்ஸை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். பிரசவம் பார்க்கத் தெரிந்தவர், வீடு வீடாகச் சைக்கிளில் போகிறவர். அவர்தான் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தார்.

“என்ன செய்யுதுன்னு கேக்காதீங்கம்மா. நம்ம பொம்பளைங்களுக்கு ‘எனக்கு வலிக்குது’ன்னு சொல்ல வெக்கம். வீட்டுல எந்த வேலைய நிறுத்துனீங்கன்னு கேளுங்க. தண்ணி தூக்குறத நிறுத்துனேன், மாவாட்டுறத நிறுத்துனேன்னு தானா வந்துரும்.”

அப்படிக் கேட்கத் தொடங்கியபின் கார்டுகள் நிறைந்தன. நெஞ்சுக்கு மட்டும் எத்தனை சொல் என்று அப்போதுதான் கவனித்தேன். நெஞ்சு கரிக்குது என்றால் அது வயிற்றுப் புளிப்பு. கர்ப்பத்தில் பெரும்பாலும் அதுதான். நெஞ்சு படபடக்குது, நெஞ்சு அடைக்குது என்றால் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். பிள்ளை வளர வளர யாருக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கும். இதயத்தில் கோளாறு இருக்கிறவருக்குப் படுத்தால் மூச்சு வாங்கும். அதனால் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று கேட்கச் சொல்வார் டாக்டர். நானும் கேட்டேன். “தலகாணியா? கையத்தான் மடிச்சு வச்சுப் படுக்கிறேன்” என்று ஒருவர் சொன்னார். அதன்பின் அந்தக் கேள்வியை ‘ராத்திரி உக்காந்துக்கிட்டே தூங்குறீங்களா’ என்று மாற்றிக்கொண்டேன். டாக்டர் கேட்ட விஷயம் கிடைத்தது. கேள்வியை மாற்றுவது தவறில்லை என்ற தைரியமும் எனக்கு அங்கேதான் வந்தது.

2. இமையில் மஞ்சள்

செல்லம் முதலில் வந்தது மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த வருஷம். ஊரெல்லாம் கொடி கட்டுகிற நேரம். அவளுக்கு ஆறாம் மாதம். எனக்கு நான்காம் மாதம், இரண்டாவது பிள்ளை.

செல்லம் எனக்குப் புதியவள் இல்லை. நாங்கள் காஜா பெராங்கில் குடியிருந்த வரிசைக்குப் பின்னால்தான் அவள் புகுந்த வீடு. மாடு வைத்துப் பால் கறந்து வீடுகளுக்கு ஊற்றுகிற குடும்பம். மாமியாரைப் பால்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எங்கள் வீட்டுப் பாலும் அவரிடம்தான். நெய்யும் வெண்ணெயும் புழங்குகிற வீடு. மருமகள் கர்ப்பம் என்று தெரிந்ததிலிருந்து தட்டில் நெய் ஊற்றித்தான் சோறு போட்டார். அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

“எந்த வேலைய நிறுத்துனீங்க?” என்று செல்லத்தைக் கேட்டேன்.

“தண்ணி வாளிதாங்க்கா. கொழாயிலேருந்து மாட்டுக் கொட்டகைக்குப் போறதுக்குள்ள ரெண்டு எடத்துல எறக்கி வைக்கிறேன். நெஞ்சுல யாரோ கைய வச்சு அமுக்குற மாதிரி இருக்கு.”

கார்டில் எழுதி உள்ளே அனுப்பினேன். டாக்டர் ஸ்டெத் வைத்துப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வெகு நேரம் பார்த்தார். கண்ணுக்கு மேலே, மூக்கை ஒட்டின இமையில், மஞ்சளாக மெல்லிய தடிப்பு இருந்தது. நான் தினமும் பார்த்த முகம். மஞ்சள் பூசிக் குளித்தது சரியாகக் கழுவவில்லை என்று நினைத்திருந்தேன். டாக்டர் குனிந்து குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பைத் தடவிப் பார்த்தார். அங்கேயும் முண்டு முண்டாக இருந்தது.

“அப்பா இருக்கிறாரா என்று கேளுங்கள்.”

கேட்டேன்.

“இல்லக்கா. நான் சின்னப் புள்ளயா இருக்கும்போதே போயிட்டாரு. ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டிக்கிட்டு இருந்தவரு, மரத்தடியில சாஞ்சிட்டாரு. நாப்பது வயசுகூட ஆகல. எங்க பெரியண்ணனும் அப்படித்தான். பேய்க்காத்து அடிச்சிருச்சுன்னாங்க.”

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். எங்கள் கிளினிக்கில் அந்தப் பரிசோதனை கிடையாது. வெளியூரில் உள்ள லேபுக்குப் போய்த் திரும்பி வர நாளாகும். பாரத்தில் ‘கொலஸ்ட்ரால்’ என்று டாக்டர் எழுதினார். நான் அந்தச் சொல்லைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னவென்று கேட்டேன். ரத்தத்தில் ஓடுகிற ஒரு வகைக் கொழுப்பு என்றார். அது அளவுக்கு மேலே பல வருஷம் இருந்தால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உள்ளே படியும், சில குடும்பங்களில் பிறவியிலேயே அதிகம் இருக்கும் என்றார்.

3. பெஞ்சுக்கு முன்னால்

ரிசல்ட் வந்தது. மிக அதிகம். டாக்டர் எனக்கு நிதானமாக விளக்கினார். கர்ப்பமான எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கொழுப்பு ஏறத்தான் செய்யும். பிள்ளை வளர அது தேவை, பிரசவத்துக்குப் பிறகு தானே இறங்கும். ஆகவே இந்த எண்ணில் எவ்வளவு கர்ப்பத்தால் வந்தது, எவ்வளவு அவளுடைய சொந்தம் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. பிரசவம் முடிந்து சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். அதுவரை நெய், வெண்ணெய், தேங்காய்ப்பால், கொழுப்புக் கறி வேண்டாம். கனம் தூக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வர வேண்டும். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான்.

“வீட்டில் சமைக்கிறவர் யாரோ அவரிடம் சொல்லுங்கள்” என்றார்.

சமைக்கிறவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சு நிறையப் பெண்கள். அவரைத் தனியாக அழைத்துப் பேசியிருக்கலாம். எனக்குக் கால் வலி. கார்டு இன்னும் நிறைய இருந்தது. நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்.

“அம்மா, உங்க மருமக ரத்தத்துல கொழுப்பு ரொம்ப ஜாஸ்தியா இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க.”

பால்காரம்மா என்னை ஒரு முறை பார்த்தார், செல்லத்தை ஒரு முறை பார்த்தார்.

“இதக் கண்டுபிடிக்க ஊசி போட்டு ரத்தம் எடுக்கணுமாக்கும்? கல்யாணம் கட்டி வந்த மூணாம் நாளே நான் கண்டுபிடிச்சிட்டேன்.”

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. “எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு கிராணியம்மா, அதுக்கும் எடுத்துப் பாருங்க” என்றார் ஒருவர். “மாமியாருங்களுக்கு எடுக்க மாட்டாங்களா?” என்றாள் ஓரத்தில் இருந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி. மறுபடியும் சிரிப்பு. பால்காரம்மாவும் சேர்ந்து சிரித்தார். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். செல்லம் மட்டும் ஊசி குத்தின இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

மற்ற விவரங்களையும் சொன்னேன். அந்தச் சிரிப்புக்கு மேலே எது காதில் விழுந்தது என்று தெரியாது.

சாயங்காலம் பாக்கியம் அக்காவிடம் இதைச் சொன்னேன். நான் வேலைக்குப் போகிற நேரத்தில் என் மகனைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். மலாக்கா செட்டி வம்சம். பேர் தமிழ், நெற்றியில் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். கொழுப்புக்கு ‘லெமாக்’ என்று மலாயில் சொல்லியிருந்தால் இந்த வம்பு வந்திராது என்றேன். அவர் சிரித்துவிட்டு, “நாயிக் லெமாக்” என்றார். மலாயிலும் கொழுப்பு ஏறினால் திமிர் பிடித்தது என்றுதான் அர்த்தம். இரண்டு மொழியிலும் வழி அடைபட்டிருந்தது.

அடுத்த தவணைக்குச் செல்லம் வரவில்லை. அதற்கடுத்த தவணைக்கும் வரவில்லை. “அந்தக் கொழுப்பு கேஸ் எங்க காணோம்?” என்று கிளினிக்கில் கூட்டுகிறவர் வரை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

4. ஒரு ‘ஆமா’

டாக்டர் மிஸ்ஸி ரோசலினை வீட்டுக்கு அனுப்பினார். என் வீட்டுப் பக்கம்தானே என்று நானும் போனேன். என்னால் வந்த வினை என்ற உறுத்தலும் இருந்தது. மிஸ்ஸி பி.பி. பார்க்கும் பெட்டியோடு செல்லம் இருந்த அறைக்குள் போனார். நான் கொட்டகைப் பக்கம் பால்காரம்மாவிடம் போனேன். அவர் மாட்டுக்குப் புண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க கிராணியம்மா. கொழுப்பு எறங்கிருச்சான்னு பாக்க வந்தீங்களா?”

“அந்தக் கொழுப்பு இல்லம்மா இது. வாய்க்கொழுப்பு இல்ல. பால்ல இருக்கு பாருங்க, அந்த மாதிரி.”

கையை வாளியிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தார். “பால்ல இருக்கிற மாதிரியா?”

அவர் கேட்ட விதத்தில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சரியான உதாரணம் அகப்பட்டது என்று நினைத்தேன்.

“ஆமாம்மா. பாலக் காய்ச்சி வச்சா மேல ஆடையாப் படியுதில்ல, அது மாதிரி ரத்தத்துலயும் ஒரு கொழுப்பு இருக்கு. புள்ளத்தாச்சிங்க எல்லாருக்குமே ஏறும். செல்லத்துக்கு அதுக்கும் மேல ஏறியிருக்கு. அது நெஞ்சுக்குப் போற குழாய்ல படிஞ்சா அடைச்சிரும். அவ அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அதான் ஆச்சு போல.”

பால்காரம்மா யோசித்தார். அவர் முகம் மாறியது. பால் இன்ஸ்பெக்டர் வந்து சோதிக்கும்போது கொழுப்பு குறைவாக இருந்தால் தண்ணீர் கலந்த பால் என்று பிடித்துக்கொள்வார். அதிகம் இருந்தால் மரியாதை.

“அப்ப என் மருமக ரத்தம் தண்ணி கலக்காத ரத்தம். இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. நான் வேற எல்லாருக்கும் முன்னால அந்தப் புள்ளயப் பேசிட்டேன்.”

“பரவால்லம்மா. ஆனா குறைக்கணும்.”

“தெரியுது. தீனியக் குறைக்கணும்.”

“ஆமா” என்றேன்.

அந்த ஒரு ‘ஆமா’வைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். தீனி என்றதும் முறுக்கு, பலகாரம், நெய்ச்சோறு என்று எனக்குப் பட்டது. நொறுக்குத் தீனியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கையில் புண்ணாக்கு ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டே அப்படி நினைத்தேன்.

மிஸ்ஸி வெளியே வந்தார். அடுத்த தவணைக்கு வருவதாகச் செல்லம் ஒத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் பாலை உதாரணம் காட்டியதை மிஸ்ஸியிடம் பெருமையாகச் சொன்னேன். “நல்லா சொல்லியிருக்கீங்க. டாக்டருக்கே இது தோணாது” என்றார்.

5. தண்ணீரான ரத்தம்

செல்லம் அந்தத் தவணைக்கு வந்தபோது டாக்டர் லீவில் இருந்தார். மிஸ்ஸி எடை பார்த்தார். ஏறவில்லை. இறங்கவும் இல்லை. நெய்யை நிறுத்தினதால் இருக்கும் என்று பேசிக்கொண்டோம். அதற்கு அடுத்த தவணைக்கு வந்தபோது எட்டாம் மாதம் பாதி. என் மேசை வரை நடந்து வந்தவள் கார்டை நீட்டிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள். கன்னம் ஒட்டியிருந்தது. கால் மட்டும் வீங்கியிருந்தது.

டாக்டர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது. விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்தார். மாமியாரை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

“இவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேளுங்கள்.”

கேட்டேன். பால்காரம்மா திருப்தியாகச் சொன்னார்.

“காலையில கஞ்சித் தண்ணி. மத்தியானம் ஒரு கை ரசஞ்சோறு. ராத்திரி கஞ்சித் தண்ணி. பாலு, மோரு, மீனு, பருப்பு ஒண்ணும் கண்ணுல காட்டல. மாட்டுக்குப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் நிறுத்துனா ஒரே வாரத்துல பால் தண்ணியா எறங்கிரும். அதே வழிதான். கேட்டுச் சொல்லுங்க கிராணியம்மா, இப்ப தண்ணியாயிருச்சா இல்லையா?”

 அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“யார் இப்படிச் செய்யச் சொன்னது?”

அதையும் தமிழில் கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும். பால்காரம்மா விரலை நீட்டினார்.

“நீங்கதான. தீனியக் குறைக்கணுமான்னு கேட்டதுக்கு ஆமான்னு சொன்னீங்களே.”

டாக்டர் என்னைப் பார்த்தார். திரைக்குள் நாங்கள் நாலு பேர். இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்தி.

“வீட்டில் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்கிறார்” என்று சொன்னேன்.

இது பொய் என்று சொன்னால் சொல்லலாம். உண்மை என்று சொன்னாலும் சொல்லலாம். செல்லம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் அப்படிப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

டாக்டர் அன்றே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தம் குறைந்துவிட்டால் இதயம் இரண்டு மடங்கு ஓட வேண்டும், ஏற்கெனவே நெஞ்சு அடைக்கிற பெண்ணுக்கு அது ஆபத்து என்றார். மீன், பருப்பு, கீரை, ஆடை எடுத்த பால் எல்லாம் கொடுக்க வேண்டும், நெய்யும் தேங்காய்ப்பாலும்தான் கூடாது என்றார். இந்தத் தடவை பால்காரம்மாவை உட்கார வைத்து ஒவ்வொரு பொருளாகப் பேர் சொன்னேன். கொடுக்கலாமா, கூடாதா என்று அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைத்தேன். “மீனு குடுக்கலாம். பருப்பு குடுக்கலாம். நெய்யி கூடாது.” சின்னப்பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே அழுதார்.

“கொல்லணும்னு செய்யல கிராணியம்மா.”

“தெரியும்மா.”

“அது பசிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்.”

செல்லம் சொல்லவில்லைதான். ரத்தத்தில் கொழுப்பு என்று பேரெடுத்த மருமகள், எனக்குச் சோறு போதவில்லை என்று எந்த வாயால் கேட்பாள்? இதை நான் பால்காரம்மாவிடம் சொல்லவில்லை. எனக்குள்தான் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாள் முந்தியே வலி கண்டது. வலியின்போது நெஞ்சு அடைத்து, உட்கார வைத்து ஆக்சிஜன் கொடுத்ததாக மிஸ்ஸி வந்து சொன்னார். நான் கார்டுகளை அகர வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்று முழுவதும் அடுக்கினதையே கலைத்து அடுக்கினேன். சாயங்காலம் பெண் பிள்ளை பிறந்தது. சின்னதாக இருந்தது, ஆனால் அழுதது. தாயும் பிழைத்தாள்.

சில மாதம் கழித்துத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். எண் இறங்கியிருந்தது. ஆனால் இருக்க வேண்டியதைவிட இன்னும் மிக அதிகம். இறங்கினது கர்ப்பத்தின் பங்கு, மீதி இருப்பது அப்பாவிடமிருந்து வந்த பங்கு என்றார் டாக்டர். அடுத்த பிள்ளை வேண்டுமென்றால் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும், தெரியாமல் உண்டாகிவிட்டால் முதல் மாதத்திலேயே வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். செல்லத்தைத் திரும்பச் சொல்ல வைத்தேன். சொன்னாள்.

6. என் ரத்தம்

இதற்கிடையில் என் வயிறும் வளர்ந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று இமையைப் பார்ப்பேன். “கண்ணாடி தேஞ்சிரப் போகுது” என்பார் கணவர். எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கும்படி டாக்டரிடம் கேட்டேன். உங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிச் சாகவில்லை, இமையிலும் ஒன்றுமில்லை, இப்போது எடுத்தால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் போல ஏறித்தான் இருக்கும், அந்த எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் தூங்கமாட்டீர்கள் என்றார். எண் இல்லாமலும் நான் தூங்கவில்லை. பிரசவம் சாதாரணமாகத்தான் நடந்தது. ஆனாலும் நெஞ்சு கொஞ்சம் படபடத்தால் இன்றைக்கும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.

டாக்டர் ஊருக்குத் திரும்புகிற வாரம். வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் தன் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். அன்று மாமியார் சொன்னது வேறு, நான் உங்களிடம் சொன்னது வேறு என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும்” என்றார். “அந்த விரலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.”

“ஏன் அன்றே கேட்கவில்லை?”

“அன்று எனக்கு அந்தப் பெண்ணுக்குப் படுக்கை வேண்டும். உங்களை அழ வைக்க நேரமில்லை.” சணலை இழுத்து முடிச்சுப் போட்டபடி சொன்னார். “மேலும், அதற்குப் பிறகு நீங்கள் எல்லோரையும் திரும்பச் சொல்ல வைக்கிறீர்கள். கவனித்தேன்.”

அவர் மன்னித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய பாடம் இது ஒன்றுதான். ‘புரிஞ்சுதா’ என்று கேட்காதீர்கள். புரியாதவரும் தலையாட்டுவார். நாளைக்கு வீட்டில் என்ன செய்வீர்கள் என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் ஆமா போடாதீர்கள்.

7. போன வாரம்

எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் போன வாரம் நடந்தது.

பெண்டஹாரா ரோட்டில் ஒரு துணிக்கடை. சின்னவளைக் கூட்டிக்கொண்டு அவளுக்குக் கவுன் துணி எடுக்கப் போயிருந்தேன். செல்லமும் தன் மகளோடு வந்திருந்தாள். பிள்ளை நன்றாக இருக்கிறது, என் மகளைவிட வாயாடி. நாங்கள் நாலு பேரும் ஒன்றாக வெளியே வந்தோம். சடக்கைத் தாண்டினோம். ரோட்டிலிருந்து எதிர்க்கடை வாசலில் ஏற இரண்டே படி. செல்லம் முதல் படியில் நின்றுவிட்டாள்.

“என்ன செல்லம்?”

“வெயிலுக்கா.”

வெயில் இல்லை. மேகம் போட்டிருந்தது. நான் அவளையே பார்த்தேன். அவள் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“மூணு மாசம் ஆச்சுக்கா. வீட்டுல யாருக்கும் தெரியாது, அவருக்குக்கூட.”

“கிளினிக்குப் போனியா?”

“போவல.”

“முதல் மாசமே வரணும்னு டாக்டர் சொன்னாங்களே. நீயே திரும்பச் சொன்னியே.”

“சொன்னேந்தான். அந்த டாக்டரம்மாதான் போயிட்டாங்களே. இப்ப இருக்கிறவருக்கு என்னத் தெரியாது. மறுபடியும் முதல்லேருந்து ஊசி குத்தணும், மறுபடியும் அந்த பெஞ்சுல உக்காரணும். அந்தக் கொழுப்பு கேஸ் வந்திருச்சும்பாங்க.”

“அத்தைகிட்டயாவது சொல்லு.”

“அத்தகிட்டயா? பயத்துலயே செத்துரும். என்ன குடுக்கலாம் என்ன குடுக்கக்கூடாதுன்னு தெரியாம சோத்துப் பானையத் தொடவே பயப்படும். போன தடவையே ஒரு வருஷம் என் முகத்தப் பாக்கல. அஞ்சாம் மாசம் நானே போறேங்க்கா. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க.”

“செல்லம்.”

“சொல்லுங்கக்கா. உங்க வாயால சொல்லுங்க.”

சொன்னேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் வாயால் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் மட்டும் சொன்னேன். “என்கிட்ட சொல்லிட்ட இல்ல, வாக்கு பாதி போச்சு. மீதியையும் உடைச்சிரு” என்கிறார். மறுநாளே, “அவ வாழ்க்க, அவ இஷ்டம். நீ தலையிட்டு மறுபடியும் ஏதாவது ஆச்சுன்னா?” என்கிறார். இரண்டும் சரியாகத்தான் படுகிறது. மிஸ்ஸி ரோசலின் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார். பழைய கார்டுகளைக் கட்டி ஸ்டோரில் போட்டுவிட்டதாகக் கேள்வி. அந்த இரண்டு ரிசல்ட்டையும், அவள் அப்பா எப்படிச் செத்தார் என்பதையும் சேர்த்துப் புது டாக்டரிடம் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இப்போது இரண்டு பேர்தான். செல்லம், நான்.

நான் போய்ப் புது டாக்டரிடம் சொல்லிவிடலாம். செல்லம் அதன்பின் என்னை நம்பமாட்டாள், கிளினிக் பக்கமும் வராமல் போய்விடலாம். பால்காரம்மாவிடம் சொல்லலாம். அந்த அம்மா பயந்துகொண்டு என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாது. சும்மா இருக்கலாம். ஐந்தாம் மாதம் அவளே போவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் இரண்டு படி ஏற முடியாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

கிளினிக்கில் வேலை செய்தவர்கள், நெஞ்சுக் கோளாறோடு பிள்ளை பெற்றவர்கள், பயந்துகொண்டே மருமகளுக்குச் சமைத்துப் போட்ட மாமியார்கள், யாராக இருந்தாலும் தயவுசெய்து எழுதுங்கள். நீங்கள் என் இடத்தில் இருந்தால் யாரிடம் போவீர்கள்? ஆறுதல் வேண்டாம். போ என்றோ இரு என்றோ ஒரு வரி எழுதினால் போதும். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். அவளுக்கு நான்காம் மாதம் பிறந்துவிட்டது.